பின் டயர் உள்பக்கம் மட்டும் தேயுது, ஸ்டீயரிங் வலப்பக்கம் நிக்குது: பின் சக்கர அலைன்மென்ட் பத்தி ஒரு சந்தேகம்

கோவை_லாரா | கோயம்புத்தூர்

வணக்கம்ங்க. நம்ம வண்டி 2010 மாடல் ஸ்கோடா லாரா டீசல். 205/55 ஆர்16 டயர். இடது பின் டயர் உள் ஓரம் மட்டும் உள்ள இருக்கற நூல் தெரியற அளவுக்குத் தேஞ்சு போச்சுங்க. நின்னு பார்த்தா டயர் நல்லாத்தான் தெரியுது. ஜாக்கில தூக்கி உள்பக்கமா கைய விட்டாத்தான் விஷயமே புரியுது.

60க்கு மேல போனா பின்னாடி இருந்து ஊஊன்னு ஒரு சத்தம். பேரிங்தான்னு சொல்லி ஒரு ஒர்க்‌ஷாப்ல மாத்திவிட்டாங்க. சத்தம் அப்படியே இருக்கு.

இன்னொன்னு: அவிநாசி ரோட்ல நேரா போறப்ப ஸ்டீயரிங் கொஞ்சம் வலப்பக்கம் திரும்புன மாதிரி நிக்குது. ஸ்டீயரிங்கை நடுவுக்குக் கொண்டு வந்தா வண்டி இடப்பக்கம் போகுது. மழைக்காலத்துல தண்ணி நின்ன ஒரு பெரிய குழியில இடது பின் சக்கரம் இறங்கி ஏறுச்சு. அதுக்கப்புறம்தான் இந்தத் தொல்லை எல்லாம்.

அலைன்மென்ட் கடையில கேட்டா, "முன்னாடி டோ (சக்கரத்தோட முன் ஓரம் உள்ளயோ வெளியயோ திரும்பியிருக்கற அளவு) மட்டும்தாங்க வெக்க முடியும், பின்னாடி எந்தக் காருக்கும் அட்ஜஸ்ட்மென்ட் கெடையாது"ங்கறாங்க. நெசமாங்க? புது டயர் போட்டா அதுவும் இப்படித்தானே போகும்?

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

புது டயரை இப்ப போட்டுடாதீங்க, போட்டா அதையும் தின்னுடும்.

லாராவுக்குப் பின்னாடி மல்டிலிங்க் சஸ்பென்ஷன், அதாவது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியா பல கைகள் பிடிச்சிருக்கும். ஒவ்வொரு சக்கரத்துக்கும் காம்பரும் (சக்கரத்தோட தலை உள்ளயோ வெளியயோ சாயற அளவு) டோவும் தனித்தனியா திருத்தலாம். மேல இருக்கற குறுக்குக் கை (ஆர்ம்) சப்ஃப்ரேம்ல, அதாவது அடியில சஸ்பென்ஷனைத் தாங்கற இரும்புச் சட்டத்துல சேர்ற இடத்துல ஒரு போல்ட் இருக்கும். அதோட தலைக்கு அடியில இருக்கற வட்டத் தகடு நடுவுல இல்லாம ஒரு பக்கமா ஒதுங்கி இருக்கும். அதுதான் எக்சென்ட்ரிக் போல்ட், அதைத் திருப்பினா காம்பர் மாறும். ஸ்பிரிங் உக்கார்ற கீழ் கையிலயும், சப்ஃப்ரேம் பக்கம் அதே மாதிரி ஒண்ணு. அதுல டோ. வண்டிக்கு அடியில டார்ச் அடிச்சா ரெண்டும் கண்ணுக்கே தெரியும். ஆக, "எந்தக் காருக்கும் கிடையாது"ங்கறது தப்பு. ஸ்விஃப்ட், போலோ, சிட்டி மாதிரி பின்னாடி டார்ஷன் பீம் (ரெண்டு பின் சக்கரத்தையும் இணைக்கற ஒரே எஃகுச் சட்டம்) இருக்கற வண்டிகளுக்குத்தான் அந்தப் பேச்சு பொருந்தும். அதுவும் பாதிதான், அதைப் பிறகு சொல்றேன்.

ஸ்டீயரிங் ஏன் வளைஞ்சு நிக்குதுன்னு பார்ப்போம். வண்டி எந்தத் திசையில போகணும்னு முடிவு பண்றது பின் சக்கரங்கதான். ரெண்டு பின் சக்கரமும் சேர்ந்து காட்டற திசைக்கு த்ரஸ்ட் லைன்னு பேர். அது வண்டியோட நடுக்கோட்டுல இருந்து எவ்வளவு விலகுதுங்கறது த்ரஸ்ட் ஆங்கிள். இடது பின் சக்கரம் அளவுக்கு மேல டோ-இன் ஆச்சுன்னா, அதாவது அதோட முன் ஓரம் உள்பக்கம் திரும்பிடுச்சுன்னா, த்ரஸ்ட் லைன் வலப்பக்கம் சாயும். பின்பக்கம் வலப்பக்கமா தள்ளும், மூக்கு இடப்பக்கம் போகும். அதை நேராக்க நீங்க ஸ்டீயரிங்கை வலப்பக்கம் பிடிச்சுக்கிட்டே ஓட்டணும். நீங்க சொன்ன ரெண்டு அறிகுறியும் அப்படியே இதுல உக்காருது.

சத்தத்துக்கு ஒரு சோதனை. டயரோட பட்டன் (ரோட்டுல படற கட்டைகள்) மேல உள்ளங்கையை வெச்சு, வெளி ஓரத்துல இருந்து உள் ஓரத்துக்கு ஒரு தடவை தடவுங்க. பிறகு உள்ள இருந்து வெளிய. ஒரு திசையில வழுவழுன்னும், மறு திசையில ரம்பப் பல் மாதிரியும் இருந்தா அது டோ தேய்மானம். உள்ள இருந்து வெளிய வர்றப்ப குத்தினா டோ-இன். வெளிய இருந்து உள்ள போறப்ப குத்தினா டோ-அவுட். அந்தப் பல்லுதான் ரோட்டுல உரசி ஊளையிடுது. பின் பேரிங் போயிடுச்சுன்னு நல்ல பேரிங்கைக் கழட்டிப் போடறது இதனாலதான் நடக்குது.

கோவை_லாரா | கோயம்புத்தூர்

ரொம்ப நன்றிங்ணா. தடவிப் பார்த்தேன். உள்ள இருந்து வெளிய வர்றப்பத்தான் குத்துது. உள் ஓரத்துப் பட்டனுங்க ஒவ்வொண்ணும் ஒரு பக்கம் கத்தி மாதிரி இருக்கு. வெளி ஓரத்துல அவ்வளவா இல்ல.

ஒரு சந்தேகம்ங்ணா. டோ-இன்னா வெளி ஓரம்தானே தேயணும்னு படிச்சிருக்கேன். நம்மளுது உள்பக்கம் போயிருக்கே?

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

நல்ல கேள்வி. இந்த வண்டியில பின் சக்கரத்துக்குக் கம்பெனியே நெகட்டிவ் காம்பர் குடுத்திருக்கு, சக்கரத்தோட தலை உள்பக்கம் சாஞ்சிருக்கும். அதனால பாரம் உள் ஓரத்துல அதிகமா உக்காரும். டோ தப்பா இருந்தா டயர் பக்கவாட்டுல இழுபடும், பாரம் எந்த ஓரத்துல இருக்கோ அந்த ஓரம் தேயும். காம்பர் எந்த ஓரம்னு காட்டும், தின்னறது டோதான். காம்பர் மட்டும் கொஞ்சம் கூடுதலா இருந்து டோ சரியா இருந்தா டயர் இவ்வளவு வேகமா போகாது.

கணக்குப் போட்டாப் புரியும். ரெண்டு பின் சக்கரத்துக்கும் சேர்த்து டோ அரை டிகிரின்னா, நேரா ஓடும்போது ஒரு சக்கரத்துக்குக் கால் டிகிரி வரும். கால் டிகிரிக்கு, ஒரு கிலோமீட்டர் ஓடறதுக்குள்ள டயர் 4.4 மீட்டர் பக்கவாட்டுல இழுபடுது. 10,000 கிலோமீட்டர்ல 44 கிலோமீட்டர் குறுக்கா தேய்க்கறீங்க.

பட்டறை அண்ணாச்சி | திருநெல்வேலி

தம்பி, நான் பட்டறை வச்சிருக்கவன். ஒரு விஷயம் சொல்லுதேன், கோவிச்சுக்கப்பிடாது. எந்தக் கடைக்காரனும் பின்னால அட்ஜஸ்ட் இல்லன்னு சும்மா சொல்ல மாட்டான். அந்த எக்சென்ட்ரிக் போல்ட்டு இத்தனை வருசத்துல துருப்புடிச்சுப் புஷ்ஷோட (போல்ட்டைச் சுத்தி இருக்குத ரப்பர் உறை) ஒட்டிக்கிடும். ஸ்பேனரைப் போட்டு இழுத்தா போல்ட்டு முறிஞ்சிரும். முறிஞ்சா கஸ்டமர் நம்ம தலையில கட்டுவாரு. அந்தப் பயத்துலயே "இல்ல"ன்னு முடிச்சுருவான். மூணு நாலு நூறு ரூவா வேலைக்கு எவன் அந்த வம்பை வாங்குவான்?

அதனால முதல்ல கடைக்காரன்கிட்ட நேரா சொல்லுங்க: "போல்ட் முறிஞ்சா என் பொறுப்பு, புது போல்ட்டு, நட்டு, வாஷர் கையில வச்சிருக்கேன்"னு. அப்புறம் பாருங்க, வேலை நடக்கும். போறதுக்கு முந்தின நாளே துருப்பிடிச்ச போல்ட்டு இளக்குத எண்ணெயை ரெண்டு பக்கமும் அடிச்சு ஊற விடுங்க. ராத்திரி ஒரு தடவை, காலையில ஒரு தடவை.

இன்னொண்ணு. அலைன்மென்ட்டுக்கு முன்னால புஷ் பாருங்க. பின் ட்ரெய்லிங் ஆர்ம்ல (சக்கரத்துல இருந்து முன்னால நீளமா போற கை) முன்பக்கம் பெரிய ரப்பர் புஷ் உண்டு. அது கிழிஞ்சிருந்தா நீங்க என்ன டோ வச்சாலும் பிரேக் புடிச்சா ஒரு அளவு, ஆக்ஸிலேட்டர் குடுத்தா ஒரு அளவு. லீவரைப் போட்டு நெம்பிப் பாத்தா கிழிசல் வாயைத் தொறக்கும். புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட் பண்ணுதது காசுக்குப் புடிச்ச கேடு.

போலோ_மதுரை | மதுரை

இடையில வர்றதுக்கு மன்னிக்கணும். எனக்குப் போலோ. பின்னாடி பீம். திருத்த முடியாதுன்னா அளக்கவே தேவையில்லைன்னு கடையில பின் சக்கரத்துக்குக் கிளாம்ப்பே மாட்ட மாட்டேங்கிறாங்க. அது சரியா?

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

போலோ_மதுரை: சரியில்ல. திருத்த முடியாட்டியும் அளந்தே ஆகணும், ரெண்டு காரணத்துக்கு. ஒண்ணு, முன் சக்கரத்தோட டோவை பின் சக்கரம் காட்டற த்ரஸ்ட் லைனை வெச்சுத்தான் பிரிக்கணும். இல்லைன்னா ஸ்டீயரிங் நேரா நிக்காது. ரெண்டு, பீம்ல அளவு தப்பா வந்தா அதுவே ஒரு சேதி: பீம் வளைஞ்சிருக்கு, இல்ல சக்கரம் மாட்டற ஸ்டப் ஆக்சில் வளைஞ்சிருக்கு, இல்ல பீமோட புஷ் போயிருக்கு. நாலு சக்கரத்துலயும் டார்கெட் (மெஷின் பார்த்து அளக்கற பலகை) மாட்டாத கடையில வேலை குடுக்காதீங்க.

கோவை_லாரா: கடைக்குப் போறதுக்கு முன்னாடி வீட்லயே அளந்து பாருங்க. என் வேலை டூல்ரூம்ல, மெஷின் என்ன சொல்லப்போகுதுன்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கறது எனக்குப் பழக்கம். பின் சக்கரம் ஸ்டீயரிங்கோட திரும்பாதுங்கறதால நூல் கட்டி அளக்கறது முன் சக்கரத்தைவிட லேசு.

மட்டமான தரை வேணும். சிமெண்ட் தரையா இருந்தாலும் கொத்தனார் ரசமட்டத்தை வெச்சுப் பார்த்துக்குங்க. நாலு டயர்லயும் காத்து சரியா இருக்கணும், டிக்கி காலியா இருக்கணும், டேங்க் நிறைஞ்சிருந்தா நல்லது. கம்பெனி அளவு ஃபுல் டேங்க், ஆள் இல்லாத வண்டிக்குக் குடுக்கறது. வண்டியை நாலைஞ்சு மீட்டர் முன்னாடி உருட்டி நிறுத்துங்க, ஹேண்ட்பிரேக் போடாம கியர்ல விட்டு முன் சக்கரத்துக்கு கட்டை வெச்சுடுங்க. பின்பக்கத்தை ரெண்டு மூணு தடவை அமுக்கி விடுங்க.

வண்டி அகலத்தைவிட நீளமான பிவிசி பைப் ரெண்டு எடுத்து, ரெண்டுலயும் ஒரே இடைவெளியில ரெண்டு வெட்டு போடுங்க. ஒண்ணு முன் பம்பருக்கு முன்னாடி, ஒண்ணு பின் பம்பருக்குப் பின்னாடி, சக்கரத்தோட மைய உயரத்துல ஸ்டாண்ட் மேல. வெட்டுக்கு வெட்டு தூண்டில் நரம்பை விறைப்பா கட்டினா ரெண்டு நரம்பும் தானாவே இணையா இருக்கும். இப்ப வண்டியை நடுவுல கொண்டு வரணும்: முன் சக்கர மையத்துல இருந்து நரம்புக்கு இடம், வலம் ரெண்டும் ஒரே தூரம். பின் சக்கர மையத்துக்கும் அப்படியே. முன்னுக்கும் பின்னுக்கும் தூரம் வேறவேறயா வரும், அதைப் பத்திக் கவலை வேண்டாம். முன் டிராக்கும் பின் டிராக்கும் ஒரே அகலம் இல்ல. இடமும் வலமும்தான் ஒத்துப்போகணும்.

அப்புறம் பின் ரிம்மோட முன் விளிம்புல இருந்து நரம்புக்கு எவ்வளவு, பின் விளிம்புல இருந்து எவ்வளவுன்னு ஸ்டீல் ஸ்கேல்ல அளங்க. முன் விளிம்புக்குத் தூரம் அதிகம்னா டோ-இன். 16 இஞ்ச் ரிம்முல விளிம்புக்கு விளிம்பு சுமார் 43 செ.மீ. வரும், அதுல 1 மி.மீ. வித்தியாசம்னா ஏறக்குறைய 8 நிமிஷம். ஒரு டிகிரிக்கு 60 நிமிஷம். ரிம் வளைஞ்சிருக்குமோன்னு சந்தேகம் வந்தா வண்டியை அரைச் சுத்து உருட்டி இன்னொரு தடவை அளந்து சராசரி எடுங்க.

காம்பருக்குத் தூக்குக்குண்டு போதும். டயர் தரையில உப்பி இருக்கற இடத்தைத் தொடாம நூலைத் தொங்கவிட்டு, ரிம்மோட மேல் விளிம்பு, கீழ் விளிம்பு ரெண்டுக்கும் தூரம் எடுங்க. 1 டிகிரி 20 நிமிஷம் சாய்வுன்னா மேல் விளிம்பு 10 மி.மீ. உள்ள இருக்கும்.

கோவை_லாரா | கோயம்புத்தூர்

ஞாயித்துக்கெழமை கட்டிப் பார்த்துட்டேனுங்க. தம்பி ஒரு பக்கம் ஸ்கேல் புடிச்சான். இடது பின் சக்கரம்: முன் விளிம்பு கிட்டத்தட்ட 5 மி.மீ. அதிகம். வலது பின் சக்கரம்: முன் விளிம்பு முக்கால் மி.மீ. போலக் குறைவு. தூக்குக்குண்டுல இடது 17, 18 மி.மீ. உள்ள சாஞ்சிருக்கு, வலது 12.

நேத்து 3டி மெஷின் இருக்கற வேற கடைக்குப் போய், நாலு சக்கரத்துக்கும் மாட்டி பிரிண்ட் மட்டும் எடுத்தேன்:

இடது பின் காம்பர் -2.33, வலது -1.58
இடது பின் டோ +0.63, வலது -0.10
த்ரஸ்ட் ஆங்கிள் 0.37

0.63ன்னா 63 நிமிஷம்ங்களா? அப்படீன்னா நூல்ல வந்த கணக்கோட ஒத்து வரலையே?

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

இல்ல, அது டிகிரியில தசமம். 60ஆல பெருக்குங்க: 0.63 டிகிரின்னா 38 நிமிஷம். உங்க நூல்ல 5 மி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி, எட்டால பெருக்கினா அதே 38. வலது -0.10ன்னா கழித்தல் 6 நிமிஷம், முக்கால் மி.மீ. அதேதான். காம்பர் -2.33ன்னா 2 டிகிரி 20 நிமிஷம், 43 செ.மீ.ல பதினேழரை மி.மீ. வீட்ல கட்டின நூலும் 3டி கேமராவும் ஒரே பதிலைச் சொல்லுது, அருமையா அளந்திருக்கீங்க.

பிரிண்ட் வாங்கறப்ப இந்த அலகைக் கட்டாயம் பாருங்க எல்லாரும். சில மெஷின்ல டிகிரி-நிமிஷம், சிலதுல தசம டிகிரி, சிலதுல மி.மீ. 0°20'ங்கறதும் 0.20°ங்கறதும் ஒண்ணு இல்ல. பின்னது வெறும் 12 நிமிஷம்.

இந்தத் தலைமுறை ஆக்டேவியாவுக்கு (லாராவோட வெளிநாட்டுப் பேர்) சாதாரண உயர சஸ்பென்ஷன்ல பின் காம்பர் -1°20', கூடக் குறைய 30 நிமிஷம். ரெண்டு பின் சக்கரமும் சேர்ந்த டோ +10', கூடக் குறைய 10 நிமிஷம். உயரம் கூட்டின சஸ்பென்ஷனுக்கு அளவு வேற. உங்க வண்டியில எதுன்னு டிக்கியில ஸ்டெப்னி குழி ஸ்டிக்கர்லயும் சர்வீஸ் புக்லயும் இருக்கற கோடு சொல்லும். மெஷின்ல சரியான மாடலையும் சஸ்பென்ஷனையும் தேர்ந்தெடுத்தாங்களான்னு பக்கத்துல நின்னு பாருங்க. தப்பான மாடலுக்குப் பச்சை காட்டறதால ஒரு பிரயோஜனமும் இல்ல.

உங்க மொத்த டோ 32 நிமிஷம், இருக்க வேண்டியது 10. த்ரஸ்ட் ஆங்கிள்: இடது 38, வலது -6, வித்தியாசம் 44, அதுல பாதி 22 நிமிஷம், வலப்பக்கம். லாராவோட வீல்பேஸ் 2578 மி.மீ. அந்த நீளத்துக்கு 22 நிமிஷம்னா பின் சக்கரங்க முன் சக்கரத் தடத்தைவிட்டு 16 மி.மீ.க்கு மேல வலப்பக்கம் ஒதுங்கி ஓடிக்கிட்டிருக்கு.

பட்டறை அண்ணாச்சி | திருநெல்வேலி

அளந்தது பிரமாதம் தம்பி. ஆனா ஒரு கேள்வி. முன்னால டை ராட்ல (முன் சக்கரத்தைத் திருப்புத கம்பி) ஒரு பக்கம் கூட்டி ஒரு பக்கம் குறைச்சா ஸ்டீயரிங் நேரா வந்துருமே? பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுதாங்க.

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

ஸ்டீயரிங் நேரா வரும் அண்ணாச்சி. ஆனா பின் டயர் தேயறது நிக்காது, வண்டி கோணலா ஓடறதும் நிக்காது. மழையில அவசரமா பிரேக் அடிச்சா இடப்பக்கம் ஒரு குணம், வலப்பக்கம் ஒரு குணம் காட்டும். இதைவிட மோசம் ஸ்டீயரிங் வீலையே கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டறது. இஎஸ்பி (வண்டி வழுக்காம பார்த்துக்கற எலக்ட்ரானிக் அமைப்பு) இருக்கற வண்டியில ஸ்டீயரிங் கோண சென்சார் ஒண்ணு சொல்லும், வண்டி வேற திசையில போகும். பீம் வண்டியில வேற வழி இல்லாம, த்ரஸ்ட் ஆங்கிள் அளவுக்குள்ள இருக்கறப்ப டை ராட்ல ஈடு கட்டறது முறைதான். போல்ட் வெச்சே குடுத்திருக்கற வண்டியில அதைத் தொடாம முன்னாடி ஈடு கட்டறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

வரிசை எப்பவும் இதுதான்: பின் காம்பர், பின் டோ, அதுக்கப்புறம் முன்பக்கம். பின் காம்பரைத் திருப்பினா டோவும் சேர்ந்து நகரும், அதனால காம்பர் முதல்ல.

ஸ்காபரோ பனி | ரொறன்ரோ

வணக்கம். நான் இருக்கிறது கனடாவில. இஞ்ச பனிக்காலத்தில றோட்டுக்கு உப்புப் போடுறவை, அதால வாகனத்தின்ர அடிப்பக்கம் முழுக்கக் கறல் (துரு). நான் வைச்சிருந்தது 2008 வொக்ஸ்வாகன் ஜெற்றா, உங்கட லாராவின்ர அதே பின் சஸ்பென்சன்.

எனக்கு நடந்ததைச் சொல்லுறன், கவனமாப் பாருங்கோ. போல்ட் தலையைத் திருப்பினா திரும்புற மாதிரி இருக்கும், மெசின்ல அளவும் அசையும். ஸ்பனரை விட்டவுடன பழைய இடத்துக்கே வந்திடும். ஏனெண்டா போல்ட் புஷ்ஷின்ர உள் இரும்புக் குழாயோட ஒட்டியிருக்கு, நீங்கள் முறுக்கிறது ரப்பரை. விட்டா ரப்பர் திருப்பி இழுக்கும். அப்பிடியே நட்டை இறுக்கினா புஷ் முறுகின நிலையில நிண்டு கெதியில கிழிஞ்சு போகும்.

நெருப்பு வைக்க வேண்டாம். ரப்பர் எரிஞ்சு போகும், பிரேக் பைப் பக்கத்திலயே ஓடுது. நாங்கள் கடைசியில புஷ்ஷுக்கும் சப்ஃப்ரேமுக்கும் இடையில வாளால ரெண்டு பக்கமும் அறுத்து, ஆர்மையே புதுசாப் போட்டனாங்கள். மேல் ஆர்ம் எண்டா பயமில்லை. கீழ் ஆர்ம்ல ஸ்பிரிங் இருக்கு, அதை ஸ்பிரிங் அமுக்கிற கருவி போடாமல் கழட்டினா ஆளையே அடிச்சுப் போடும். அதை வீட்டில செய்யாதேங்கோ அண்ணை.

புது போல்ட் போடேக்க போல்ட்டின்ர உடம்பில ஆன்டி-சீஸ் (ஒட்டாமல் தடுக்கிற கிறீஸ்) பூசுங்கோ. அடுத்த முறை திருப்பேக்க நன்றி சொல்லுவியள்.

பட்டறை அண்ணாச்சி | திருநெல்வேலி

கனடாத் தம்பி சொன்னது நூத்துக்கு நூறு. தூத்துக்குடி உப்பளப் பக்கம் ஓடுத வண்டிக்கும் இதே கதைதான், பனி பெய்யணும்னு இல்ல.

ஆர்ம் மாத்தினா ஒரு விஷயம். லிஃப்ட்ல வண்டி தொங்குதப்ப புஷ் போல்ட்டை முழுசா இறுக்கப்பிடாது. இறக்கினதும் ரப்பர் முறுகி நிக்கும், சீக்கிரமே கிழிஞ்சிரும். கழட்டுததுக்கு முன்னாலயே சக்கர மையத்துல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும் உயரத்தை அளந்து சாக்பீஸ்ல எழுதி வச்சுக்கிடுங்க. மாட்டினப்புறம் ஹப்புக்கு அடியில ஜாக்கி குடுத்து அதே உயரத்துக்குத் தூக்கி இறுக்குங்க. இல்லைன்னா வண்டியைச் சக்கரத்துல இறக்கி, அலைன்மென்ட் மேடையிலயே இறுக்குங்க. அந்த உயரத்தை இடம், வலம் ஒப்பிட்டும் பாருங்க. ஒரு பக்கம் தாழ்ந்திருந்தா ஸ்பிரிங் சோர்ந்துபோச்சுன்னு அர்த்தம், காம்பர் கூடிட்டே போகும்.

போலோ_மதுரை | மதுரை

நாலு சக்கரமும் மாட்டற கடையில அளந்துட்டேன். வலது பின் டோ அளவைவிட 0.2 டிகிரி அதிகம். புஷ் நல்லா இருக்கு. பீம்முக்கு என்ன செய்யலாம்?

பட்டறை அண்ணாச்சி | திருநெல்வேலி

ஸ்டப் ஆக்சில் நாலு போல்ட்டுல பீமோட சேருது. தேவையான பக்கம் ரெண்டு போல்ட்டுல மெல்லிசு வாஷர் குடுத்தா அளவு வந்துரும். நம்ம பக்கம் ரொம்ப காலமா பண்ணுதது.

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

அண்ணாச்சி, இதுல மட்டும் நான் உங்களோட ஒத்துப்போக முடியல. வாஷர் வெச்சா ரெண்டு போல்ட் இருக்கற இடத்துல மட்டும்தான் தாங்கும், நடுவுல காத்துதான். சக்கரத்தோட மொத்த அடியும் அந்தச் சந்து மேல விழுது. போல்ட் இழுவிசையை மட்டும் தாங்கறதுக்குப் பதிலா வளையவும் ஆரம்பிக்கும், இறுக்கம் குறையும். போல்ட் தளர்ந்தா என்ன ஆகும்னு உங்களுக்கு நான் சொல்லணுமா?

இதுக்குன்னே ஆப்பு மாதிரி ஒரு பக்கம் தடிச்சு ஒரு பக்கம் மெலிஞ்ச ஷிம் தகடு வருது, முகம் முழுக்க உக்காரும். எந்தக் கோணத்துல சுத்தி வெக்கறமோ அதைப் பொறுத்து டோ மட்டும், காம்பர் மட்டும், இல்ல ரெண்டும் சேர்த்துத் திருத்தலாம். 0.2 டிகிரிக்கு, 10 செ.மீ. தூரத்துல தடிமன் வித்தியாசம் 0.35 மி.மீ.தான். ஒரு நல்ல மெஷின் ஷாப்புல ஸ்டீல்ல அரைச்சுக்கூட வாங்கலாம். போல்ட் புதுசு, நீளம் போதுமான்னு பார்த்து, கம்பெனி சொன்ன டார்க்ல (முறுக்கு விசை) இறுக்கணும்.

பீம்மைச் சூடு பண்ணி நிமித்தறேன்னு யாராவது சொன்னா வண்டியை எடுத்துக்கிட்டு வந்துடுங்க. அந்த எஃகு முறுகி முறுகி வேலை செய்யறதுக்குன்னு பதப்படுத்தினது. சூடு பட்டா பதம் போயிடும், எங்க விரிசல் விடும்னு சொல்ல முடியாது.

பட்டறை அண்ணாச்சி | திருநெல்வேலி

சூடு பண்ணுதது தப்புதான், அதுல மறுபேச்சு இல்ல. வாஷர் விஷயத்துல, ஷிம் கிடைக்காத ஊருல ஜனங்க என்ன செய்வாங்கன்னுதான் சொன்னேன். ஆப்புத் தகடு அரைச்சு வாங்கலாம்னு சொல்லுதது நல்ல யோசனை. பாளையங்கோட்டையில நமக்குத் தெரிஞ்ச லேத்துக்காரர் சர்ஃபேஸ் கிரைண்டர் வச்சிருக்காரு, கேட்டுப் பாக்கேன்.

கோவை_லாரா | கோயம்புத்தூர்

வேலை முடிஞ்சுதுங்க.

ட்ரெய்லிங் ஆர்ம் புஷ் ரெண்டும் நல்லா இருந்துச்சு. இடது மேல் ஆர்ம் லேசா வளைஞ்சிருந்தது, குழியில அடிச்சது அங்கதான். புது ஆர்மோட ஒப்பிட்டப்பத்தான் கண்ணுக்குத் தெரிஞ்சது. மேல் போல்ட் ஒட்டியிருந்துச்சு, ஸ்காபரோ அண்ணா சொன்ன மாதிரியே அறுத்து எடுத்தாங்க. கீழ் போல்ட் ரெண்டும் எண்ணெய்ல ஊறுனதுக்கு அசைஞ்சு குடுத்துடுச்சு. அவங்க ஸ்பேனரை விட்டதும் அளவு திரும்பி வருதான்னு பார்க்கச் சொன்னேன், அப்படியே நின்னுச்சு.

மேடையில ஏத்துனப்ப பின் சக்கரத்துக்கு அடியில இருக்கற ஸ்லிப் பிளேட்டுக்கு (சக்கரத்தோட சேர்ந்து நகர்ற தட்டு) பூட்டு பின் குத்தியே இருந்துச்சுங்க. நான் கேட்டப்புறம்தான் உருவுனாங்க. உருவுன உடனே தட்டு ரெண்டு மூணு மி.மீ. நகர்ந்து உக்காந்துச்சு, திரையில டோ மாறுனதை நானே பார்த்தேன். இதை எல்லாரும் கவனிங்க.

இப்ப அளவு: காம்பர் இடது -1°32', வலது -1°28'. டோ இடது +6', வலது +4'. த்ரஸ்ட் 1 நிமிஷம். அப்புறம் முன்பக்கம் வெச்சாங்க. ஸ்கேனர் மாட்டி ஸ்டீயரிங் கோண சென்சாரையும் நேர் பண்ணியாச்சு. அவிநாசி ரோட்ல ஸ்டீயரிங் நேரா நிக்குது.

ஆனா சத்தம் இன்னும் இருக்கு. புது டயர் ரெண்டுதான் இப்ப வாங்க முடியும். கடையில புதுசை முன்னாடி போடச் சொல்றாங்க, முன் சக்கரம்தானே இழுக்குதுன்னு. எங்க போடலாம்?

நூல்பிடி | அம்பத்தூர், சென்னை

அளவு ரொம்ப அழகா வந்திருக்கு. சத்தம் பழைய டயரோட பல்லுல இருந்து வருது, அலைன்மென்ட் அதை அழிக்காது. நூல் தெரியற டயரை ஒரு நாள்கூட ஓட்டாதீங்க.

புதுசு ரெண்டும் பின்னாடி. முன் டயர் ஈரத்துல பிடி விட்டா வண்டி நேரா வழுக்கும், ஆக்ஸிலேட்டரை விட்டா பெரும்பாலும் கட்டுக்குள்ள வந்துடும். பின் டயர் பிடி விட்டா வால் சுத்தும், அதைச் சமாளிக்க நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்குக் கை பழகல. முன் வீல் டிரைவா இருந்தாலும் இதுதான். முன்னாடி இருக்கற ரெண்டும் நல்ல பட்டனோட இருந்தா அங்கேயே இருக்கட்டும்.

எக்சென்ட்ரிக் போல்ட் நாலுக்கும், தகட்டுல இருந்து சப்ஃப்ரேம் வரைக்கும் சேர்ந்த மாதிரி ஒரு பெயிண்ட் கோடு போட்டுடுங்க. கொஞ்ச நாள் ஓடினதும் அடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. கோடு உடையாம இருந்தா போல்ட் நகரலைன்னு தெரிஞ்சுக்கலாம், மறுபடியும் மேடைக்குப் போக வேண்டியதில்ல.

கோவை_லாரா | கோயம்புத்தூர்

சரிங்ணா, புதுசு ரெண்டையும் பின்னாடியே போட்டர்றேன். கோடும் போட்டாச்சு, மஞ்சள் பெயிண்ட்ல. பழைய மேல் ஆர்மைக் கடையில கேட்டு வாங்கி வெச்சிருக்கேன், போட்டோ எடுத்து இங்க போடறேன். லாரா வெச்சிருக்கறவங்க யாருக்காவது ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.